கூரை போட்ட இடம்

இல்லை கண்ணா, உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அப்பாவும் அப்படியே, நீங்கள் இருவரும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் இங்கே பொழுது விடிகிறது. ஞாயிற்றுக்கிழமை போனில், உன் குரல் ஏன்மா ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாய். அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்தார். சளி பிடிச்சிருக்கு என்று அவரே பதில் சொல்லிவிட்டார். எனக்குச் சளி இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் தெருப் பூங்காவைச் சீரமைத்துத் திறந்துவிட்டார்கள். நீ விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்ட இடமெல்லாம் இப்போது புல்தரை, மிதிக்கக் கூடாது. நடைபாதைக்குச் சிவப்புக் கல், வரிசையாக விளக்கு, குழந்தைகளுக்கு ரப்பர் தரை, கழிப்பறையில் தண்ணீர்கூட வருகிறது. அழகாகத்தான் இருக்கிறது, இல்லையென்று நான் ஏன் சொல்ல வேண்டும். ஆனால் எங்கள் கொட்டகை இல்லை. உனக்கு நினைவிருக்கும், மூன்று பக்கம் சுவர், மேலே தகரம், உள்ளே ஒரு டேபிள் டென்னிஸ் மேசை. எந்தக் காலத்திலோ ஒரு கிளப்பை மூடியபோது யாரோ கொண்டுவந்து போட்டது. ஒரு மூலையில் பந்து விழுந்தால் எழும்பாது. செத்த மூலை என்று பேர், அங்கே வேண்டுமென்றே சர்வீஸ் போட்டால் பாயிண்ட் கிடையாது, அது எங்கள் சட்டம். காலையில் ஏழெட்டுப் பெண்கள் கூடுவோம். நர்ஸ் டியூட்டி முடித்து யூனிஃபார்மோடு நேராக வந்துவிடுவாள். தையல்கடைக்காரிக்குப் புயல் என்று பேர், அவள் அடித்தால் பந்தைத் தேட ஓர் ஆள் வேண்டும். செருப்பை உதறிவிட்டு ஆடுவோம், தோற்றவளை வாய்க்கு வந்தபடி திட்டுவோம். நீ சிரிக்காதே. அந்தக் கொஞ்ச நேரம் நான் யாருடைய அம்மாவும் இல்லை.

சீரமைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததுமே, குடியிருப்போர் குழுவில் இருக்கிறவராயிற்றே என்று அப்பாவிடம் கேட்டேன், கொட்டகை என்னாகும் என்று. எல்லாம் புதுசா வருது, நீ ஏன் அடிச்சுக்கிற என்றார். அதை நான் வாக்காக எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டதோடு நிற்கவில்லை, மற்றவர்களுக்கும் கொடுத்தேன். கொட்டகை இருக்கும், தரை மட்டும் புதுசு என்று. புயல் நம்பவில்லை. நேரா கார்ப்பரேஷன் ஆபீசுக்கே போய்க் கேட்டுடலாம்க்கா என்றாள். வேண்டாம், எங்க வீட்டுக்காரரே உள்ள இருக்காரு, நம்மள விட்டுடுவாரா என்று அவளைத் தடுத்தவள் நான். பிறகு சுற்றிலும் தகரம் அடித்து மூடிவிட்டார்கள். மழைக்காலம் முழுக்க வெளியே நின்று சத்தம் மட்டும் கேட்டோம்.

திறப்பன்று பேட்டும் பந்துமாக எல்லோரும் போனோம். கொட்டகை இருந்த இடத்தில் ஒரு மண்டபம். ஓட்டுக் கூரை, மின்விசிறி, கைவைத்த நாற்காலிகள். மூத்தோர் வாசிப்பு மண்டபம் என்று பலகை. மேசை வெளியில் இருந்தது. கல்லில் செய்தது, வலைகூட இரும்பு. நடைபாதை வளைகிற இடத்தில், வெயிலில். பெருமூச்சு விட்டாலே நகர்கிற பந்து அது, அந்தக் காற்றில் எப்படி நிற்கும். நடக்க வருகிற ஆண்கள் அத்தனை பேரும் எங்களைச் சுற்றித்தான் போக வேண்டும். நாங்கள் முழித்துக்கொண்டு நின்றபோது பூங்கா வேலையைப் பார்த்த எஞ்சினியர் பெண் ஓடி வந்தாள். சின்னப் பெண், நல்ல பெண், என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆன்ட்டி, உங்களுக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும், இருந்த பணத்துக்கு ஒரு கூரைதான் போட முடியும்னு ஆயிடுச்சு, யாருக்குன்னு தெரியாம திண்டாடிட்டு இருந்தோம், லேடீஸ் வெளியிலயே ஆடிக்குவாங்கன்னு நீங்கதான் சொன்னீங்களாமே, எங்க வீட்டுல கேட்டுட்டேன்னு சார் மீட்டிங்ல சொன்னாரு என்றாள். எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சார், உன் அப்பாதான், மண்டபத்துக்குள் யாருக்கோ மின்விசிறியைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். புயல் என்னைப் பார்த்தாள். பிறகு பேட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் பேசியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து, நான் எப்ப சொன்னேன் என்று அப்பாவைக் கேட்டேன். முதலில் சிரித்தார். பிறகு, நண்பர் ஒருவருக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, வெயிலில் உட்கார முடியாது என்றார். அது பொய்யில்லை. கல்மேசை காலத்துக்கும் உடையாது என்றார். அதுவும் பொய்யில்லை. கடைசியாகத்தான் வந்தது, உன்னைக் கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்ப, அதான் கேக்கல. சொல்லிவிட்டு டிவியைப் போட்டார். நான் அங்கேயே நின்றேன். என்னை நன்றாகத் தெரிந்த ஒருவரால்தான் அப்படிச் சொல்ல முடியும். அதுதான் கண்ணா அடி. கொட்டகை போனால் போகட்டும். நான் இல்லாத ஓர் அறையில் என் சம்மதத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வந்து என் கையில் டீ வாங்கிக் குடித்திருக்கிறார். சர்க்கரை போதுமா என்று நான் கேட்டிருப்பேன். அந்தச் சாயங்காலங்களை இப்போது ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறேன். எதுவும் நான் வைத்த இடத்தில் இல்லை.

நேற்று தையல்கடைக்குப் போனேன். நான் சொல்லவே இல்லை, சத்தியமா என்றேன். புயல் மெஷினை நிறுத்தவில்லை. நம்புறேன்க்கா, ஆனா அவரை நம்பச் சொன்னது நீங்கதானே என்றாள். கடை மூலையில் எங்கள் பழைய மேசை இரண்டு பாதியாகச் சுவரில் சாய்ந்திருந்தது. கொட்டகைச் சாமானோடு கிடந்து பழைய சாமான்காரனிடம் போக இருந்ததைத் திறப்புக்கு அப்புறம் அவள்தான் மல்லுக்கட்டி ஏற்றிவந்தாள். இது இங்க எடத்த அடைக்குது, அவ்வளவு அக்கறைன்னா உங்க ஹால்ல கொண்டுபோய்ப் போடுங்களேன், சார் என்ன சொல்றாருன்னு பாப்போம் என்றாள். கிண்டல்தான். நர்ஸும் இருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

அப்பாவிடம் இதைக் கேட்டுச் சண்டை பிடிக்காதே. உனக்கு அவர் நல்ல அப்பா, அது வேறு. ஆனால் ஒன்று. உன் மனைவிக்கு இது சரியா என்று யாராவது உன்னைக் கேட்டால், அவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல். பதில் உனக்குத் தெரிந்திருந்தாலும் கேள். தெரிந்திருந்தால் கட்டாயம் கேள். அவளுக்கு முதுகுவலி தேவலை என்று நீ சொன்னாய், அவள் சொல்லவில்லை. அடுத்த முறை போனை அவளிடம் கொடு. குளிர் தொடங்கிவிட்டதாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் கூசாமல் பார்த்துக்கொண்டு நெடுங்காலம் வாழ வேண்டும்.

ஆசிகளுடன்,
சளி இல்லாத உன் அம்மா

பி.கு. கவரை ஒட்டுவதற்குள் இதையும் எழுதிவிடுகிறேன். நானும் நர்ஸுமாகச் சோபாவைத் தூக்கிப் பால்கனியில் போட்டோம். டிவி படுக்கையறைக்குப் போனது. மேசை ஹாலில் நிற்கிறது, ஒரு பக்கம் ஆடுகிறவள் சமையலறை வாசலில் நின்றுதான் ஆட வேண்டும். அப்பா பேப்பரோடு வந்து, நான் எங்க உக்கார்றது என்றார். உங்களுக்குத்தான் கூரை போட்ட இடம் இருக்கே என்றேன். காலையில் கதவு திறந்திருக்கும் என்று எல்லோருக்கும் சொல்லி அனுப்பினேன். புயல் மேசையைக் கொடுத்தாள், வருகிறேன் என்று சொல்லவில்லை. வலையைக் கட்டி வைத்தேன்.