வீணைக்குக் கீழே கேட்டது

12.8.2005, வெள்ளி

கடற்கரைக் கோயில் பற்றிய விளக்க சிடிக்கு நான்தான் குரல். பாப்பா பிறந்த பிறகு கிடைத்த முதல் வேலை. நாளை காலை மாமல்லபுரத்தில் கொடுக்காவிட்டால் வேறு யாரையாவது பேச வைத்துவிடுவார்கள்.

மதியம் கம்ப்யூட்டரில் பதிவை ஆரம்பித்ததுமே ஸ்பீக்கர் வீலென்று கத்தியது. மைக்கைத் திருப்பிப் பார்த்தும் நிற்கவில்லை. கீழ் வீட்டில் மைக் செட் வாடகைக்கு விடும் குமார் அண்ணன் மேலேயே வந்துவிட்டார்.

“இன்னாம்மா, திருவிழாவுல இப்டி கத்துனா சாமியே எறங்கி ஓடிடும். ஸ்பீக்கர்ல வர்ற உன் கொரலயே மைக்கு திரும்ப எடுத்துகினு கீது. அத்த நிறுத்திட்டு ஹெட்போன் மாட்டு.”

மாட்டினேன். கத்தல் நின்றது. ஆனால் என் குரலே எனக்குத் தாமதமாகக் கேட்டு நாக்கு குழறியது.

“அப்போ உன் மைக்க நீ கேக்கவே வேணாம். ஸ்கிரீன்ல மைக்குக்கு நேரா கீற அந்த டிக்க எடுத்துடு.”

எடுத்தேன். காதில் பின்னணி வீணை மட்டும். எழுதிக் கொடுத்திருந்த மூன்று பக்கத்தையும் தடுமாறாமல் வாசித்தேன்.

திரும்பப் போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது. இரண்டாம் பக்கத்திலிருந்து, என் குரலுக்கும் வீணைக்கும் கீழே, பக்கத்து அறையில் பாப்பா அழுகிறாள். முதலில் சிணுங்கல், பிறகு கதறல், கடைசியில் விசும்பல். நான் பாட்டுக்குச் சிற்பத்தின் அழகைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். தூங்கிவிட்டிருந்தாள். இமையெல்லாம் ஈரம்.

சாயங்காலம் வேலை முடிந்து என் வீட்டுக்காரர் வந்து பாப்பாவை வைத்துக்கொண்டார். மறுபடி பேசி முடித்தேன். சிடி தயார். பழைய பதிவை அழிக்கக் கை வரவில்லை.

பாப்பா அழுததைச் சொன்னதும், “ரொம்ப நேரம் அழுதாளா?” என்று கேட்டார். ஒரு நிமிஷம் இருக்கும் என்றேன்.

திரையில் அழுகையின் நீளம் ஏழு நிமிடம் என்று காட்டியது.