இடது கைக்கு ஒரு கேமரா

20.5.2007, ஞாயிறு

மைசூர் பயணத்துக்கு வீடியோ கேமரா வாங்கப் பாண்டிச்சேரி போனோம். கடைக்காரர் காட்டியவையெல்லாம் கைக்கு அடக்கமாகத்தான் இருந்தன. ஆனால் எல்லாமே வலது கையை நுழைத்துப் பிடிக்கிற வார் வைத்தவை. நான் இடது கைக்காரி. செராமிக் பொம்மைகளுக்குக் கண் வரைந்து சம்பாதிப்பதும் அந்தக் கையால்தான்.

"நாலு பேரு பாக்கறாங்க, சோத்துக் கையால புடியேன்" என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். பிடித்தேன். கேமராவின் சின்னத் திரையில் கடையே ஆடியது.

"எந்தக் கையாலயும் புடிக்கிற மாதிரி இருக்குதாங்க?" என்று கடைக்காரரைக் கேட்டேன். டார்ச் லைட் போல நிமிர்ந்த ஒன்றை எடுத்தார். முறைக்கு வலது கையால் வாங்கி, இடது கைக்கு மாற்றி, வீட்டுக்காரரையே எடுத்துக் காட்டினேன். பார்த்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

அதையே வாங்கிக்கொண்டு விருத்தாசலம் வீட்டுக்கு வந்ததும், கடையில் எடுத்ததை டிவியில் போட்டோம். பீச்சாங்கை, பீச்சாங்கை என்று இத்தனை வருஷம் என்னைத் திட்டிய மாமியார் கண்ணெடுக்காமல் பார்த்தார்.

"ஒரு ஆட்டம் இல்லியே, யாருடா எடுத்தது?"

"உன் மருமவதாம்மா. அந்தக் கையாலதான்" என்று இவர் முந்திக்கொண்டு சொன்னார்.

மாமியார் உள்ளே போய்த் தலை வாரிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"அந்தக் கையாலயே என்னையும் எடு."