ஒரு எலிமருந்துக் கட்டியைக் காணோம்

ஏப்ரல் 26, ஞாயிறு. இரவு 11:20. வைத்த எலிமருந்துக் கட்டி ஆறு, இருப்பது ஐந்து.

அந்த ஐந்தில் ஒன்றைக் கொண்டு வந்ததே எங்கள் ரெட்ரீவர் நாய் லட்டுதான். கோழிப்பண்ணையிலிருந்து முட்டையைக்கூட உடையாமல் கவ்வி வருவாள். ஒவ்வொரு தடவையும் பிஸ்கட் கொடுத்துப் பழக்கியது நான். இன்று சாயங்காலம் தீவனக் குடோனிலிருந்து நீலக் கட்டி ஒன்றைக் கவ்வி வந்து என் காலடியில் வைத்து வாலாட்டினாள். பல் தடம்கூட இல்லை. குடோனுக்கு ஓடி எண்ணினேன். நாலுதான் இருந்தது.

அப்பா நேற்றுக் காலையிலேயே ஆறு கட்டி வைத்தாராம். யாரிடமும் சொல்லவில்லை.

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும் சாமி. நாய் நல்லாத்தான குதிக்குது?"

"எலியா இவளான்னு எப்படிங்கப்பா தெரியும்?" என்று கத்தினேன்.

லட்டுவைக் காரில் போட்டு நாமக்கல்லுக்குக் கொண்டு போனேன். டாக்டர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார். தயிர்சோறும் ஒரு சாக்ஸும் வந்தன. நீலம் இல்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"நேத்தே தின்னிருந்தா இதுல வராதுங்க," என்றார் அவர். "ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் உள்ள ரத்தம் கசியும். அதுவரைக்கும் நல்லாத்தான் ஓடியாடுமுங்க."

மாத்திரை கொடுத்திருக்கிறார். ஆனால் இப்போது அவள் குதிப்பதைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது.

1. காலையில் டார்ச் அடித்து ஈறு பார்க்க வேண்டும். வெளுத்திருந்தால் உடனே டாக்டர்.
2. செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனை.
3. இனி குடோனில் எலிப்பொறி மட்டும். அப்பா என்ன சொன்னாலும் சரி.
4. எதைக் கொண்டு வந்தாலும் பிஸ்கட் கொடுப்பதை நிறுத்த வேண்டும். இப்போது என் செருப்பைக் கவ்விக்கொண்டு வந்து நிற்கிறாள். இன்றைக்கு மட்டும் ஒன்று கொடுக்கிறேன், தின்கிறாளா என்று பார்க்க.