கிணற்றைப் பற்றி நான் எழுதியது

குன்னூர், 12-11-1967

அம்மாவுக்கு லில்லியின் ஸ்தோத்திரம். நான் சுகம். உன் கழுத்துவலி எப்படி இருக்கிறது? அப்பா காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாரா?

பயிற்சிப் பள்ளியில் 'எங்கள் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். ஊர்க் கிணற்றில் நம் தெருக்காரர்களைத் தண்ணீர் சேந்த விடுவதில்லை என்று எழுதினேன். "இதற்கு ஆதாரம் எங்கே? அச்சில் இருப்பதைக் காட்டு" என்றார் டீச்சர். நூலகத்தில் நம் ஜில்லாவைப் பற்றிய சர்க்கார் அறிக்கை ஒன்று கிடைத்தது. ஊர்க் கிணறுகள் எல்லாருக்கும் பொது என்று அதில் இருந்தது. நான் எழுதியதை அடித்துவிட்டு, அதையே பக்க எண்ணோடு எழுதிக் கொடுத்தேன். எனக்குத்தான் முதல் மார்க்கு. எல்லாரும் கைதட்டினார்கள்.

அன்றிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை. "கெணத்தண்ட போவாதமா, ஏரிக்கே போலாம்" என்பாயே. குடம் சுமந்து சுமந்து உன் உச்சந்தலையில் முடி போன இடத்தில் நான்தானே எண்ணெய் வைப்பேன். டீச்சர் ஆதாரம் கேட்டபோது அதுதான் நினைவுக்கு வந்தது. ஆனாலும் நான் நூலகத்துக்குத்தான் போனேன்.

இங்கே குளிர் அதிகம். குடத்துக்குச் சும்மாடு வைக்கிற உன் பழைய துணியைத் துவைக்காமல் அனுப்பு. காதைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறேன். மணி அடித்துவிட்டது.

உன் மகள்,
லில்லி

அப்பா, இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது கிணற்று விஷயத்தை விட்டுவிடுங்கள். அதை நானே வந்து, அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.