எல்லையில் அமுக்க அரண்மனையில் அச்சான காகிதம் குறித்து

மழை பொய்யாத மருதவேலி நாட்டை ஆளும், பகைவர்க்கு இடியும் குடிகளுக்கு நிழலுமாகிய அரசி வேல்நெடுங்கண்ணித் தேவியாம் யாம், பட்டங்கள் பதினேழு உடைய நம் பெருமந்திரி மாறன்கிழாருக்கு விடுக்கும் ஓலை. நும் இல்லத்தில் நெல் நிறைக. நும் மேனி செழிக்க. அது ஏற்கெனவே போதிய அளவு செழித்திருப்பினும்.

ஆறு கடக்கையில் "ஐயா, நடுவுல உக்காருங்க, ஓடம் சாயுது" என்று சொன்ன குற்றத்துக்காக ஓடக்காரன் கடம்பனை நீர் எல்லைக்கோட்டைச் சிறையில் அடைத்தீர். யாம் விடுதலை ஆணை எழுதித் தலைநகரின் பெருங்கணினியில் ஏற்றினோம். எல்லைத் தளபதி பூதனார் தம் மேசையிலிருந்தே தொலைவழி இணைப்பால் அக்கணினிக்குள் புகுந்து, ஆணையைத் திறந்து, அச்சிடப் பணித்தார். அவர் முழங்கைக்கருகே இருந்த அச்சுப்பொறி அசையவில்லை. அறுபது காதத்துக்கு இப்பால், எம் ஒப்பனை அறையில் உள்ள பொறி அதை உமிழ்ந்தது. அவர் மீண்டும் அமுக்கினார். வீரராதலின் வலிந்து அமுக்கினார். யாம் தலைவாரி முடிப்பதற்குள் கடம்பனுக்கு நாற்பத்து மூன்று விடுதலைகள் கிடைத்திருந்தன. அவனோ உள்ளேயே இருந்தான்.

அன்று காலை ஆறு பெருகி, நடுத்திட்டில் முப்பத்தொரு பேர் சிக்கியிருந்தனர். அந்தச் சுழல்களுக்கிடையே ஓடம் விடத் தெரிந்தவன் கடம்பன் ஒருவனே. யாமே சிறைக்காவலரைத் தொலைபேசியில் அழைத்தோம். "காகிதம் இல்லாம அரசி குரலே வந்தாலும் தொறக்கக் கூடாதுன்னு மந்திரி விதி, தேவி" என்றார் அவர், மிகுந்த பணிவுடன்.

கணினி மேற்பார்வையாளர் ஏழிசைவல்லியை வரவழைத்தோம். "தளபதி அமுக்கறது இங்க இருக்கற கணினிய. அதுக்குத் தெரிஞ்ச பிரிண்டர் உங்களோடது மட்டுந்தான். உள்ள வர்றதுக்கு முன்னாடியே, தன் பிரிண்டரையும் கூட இணைக்கச் சொல்லி அவரு ஒரு கட்டத்துல டிக் போடணும்" என்றவர், சற்றுத் தயங்கி, "போட்டிருக்காரு. மந்திரிதான் இந்தப் பக்கம் தடுத்து வெச்சிருக்காரு, ரகசியம் வெளிய போயிடும்னு" என்றார். மெய்தான், ஒன்றும் வெளியே போகவில்லை. எல்லையின் ரகசியங்கள் யாவும் எம் ஒப்பனை அறைக்கு வந்தன; தளபதியின் மூலநோய் விடுப்பு விண்ணப்பம் உட்பட. தோழியர் அதை இருமுறை வாசித்தனர்.

தடையை நீக்கச் செய்தோம். தளபதி வெளியேறி மறுபடி நுழைந்தார். பட்டியலில் அவருடைய பொறி தோன்றிற்று. ஒரே முறை, மெல்ல அமுக்கினார். மை காயுமுன் கதவு திறந்தது. கடம்பன் எம்மை வாழ்த்தவும் நில்லாது துறைக்கு ஓடி, ஐந்து நடையில் முப்பத்தொருவரையும் கரை சேர்த்தான். அச்செய்தி வரும்வரை யாம் அந்தத் தாள்களை மடியில் வைத்தபடி அமர்ந்திருந்தோம். அஞ்சினோம் என்பதை மறைக்கவில்லை.

ஆகலின், இவ்வோலை கண்ட நாழிகையே நும் காகித விதியை நீரே கிழிக்க. பின்னர்க் கோட்டைதோறும் சென்று, பன்னிரு தளபதியர் கணினியிலும் அந்தக் கட்டத்தை நும் விரலாலேயே குறிக்க. இஃது ஆணை, நண்டு முத்திரை இட்டோம்.

மனம் நொந்து பதவி விலகல் எழுத நேரின், அரண்மனைவரை வருந்தி வர வேண்டா. நும் இல்லத்துப் பொறியிலேயே அச்சிடலாம், வழியைத் திறந்துவிட்டோம்.