சின்ன அறைக் கட்டில்

அன்புள்ள குண்டூசிக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டதும் இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. எழுதும்போது அவ்வளவு சுலபமாகப் பொய் வருவதில்லை.

மருத்துவமனையில் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், போடட்டுமா என்று கேட்டிருந்தாய். இங்கே என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை, நன்றாகத் தூங்குகிறேன் என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியைத்தான் பல தடவை படித்தேன். பதில் சொல்வதற்கு முன்னால் இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பல் சமாச்சாரம். எங்கள் பல் செட் லேப்பில் பல் அளவெடுக்கிற மாவு புதிதாக வந்திருந்தது. சோதித்துப் பார்க்க சீனியர் என் வாயிலேயே அளவெடுத்தார். மறுநாள் மேஜையில் ஒரு பல் அச்சு இருந்தது. யாரோ வயதானவருடையது என்று நினைத்து, இந்த ஆள் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறார் போலிருக்கிறது, ராத்திரி பல்லுக்குப் போடுகிற உறை செய்யணுமா என்று கேட்டேன். அது என் பல்லாம். கடைவாய்ப் பற்கள் எல்லாம் மொட்டையாகத் தேய்ந்து கிடக்கின்றன. மனசுல ஏதாவது பாரமாம்மா என்று சீனியர் கேட்டார். ஒண்ணும் இல்லையே என்றேன். பொய் சொன்னதாகத் தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, இப்போதெல்லாம் நான் முழுக்க அப்படித்தான் இருக்கிறேன்.

மதியச் சாப்பாட்டின்போது லேப் பெண்கள் அவரவர் வீட்டுக்காரரை வறுத்தெடுப்பார்கள். நான் டப்பாவைப் பார்த்தபடி சாப்பிடுவேன். நீ விமானம் ஏறிய அன்று, ரூம்மேட்டை வழியனுப்பணும் என்று அரை நாள் லீவு கேட்டேன். ரூம்மேட்டுக்கெல்லாம் ஒரு லீவா என்று சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து நன்றாகவே சிரித்தேன். உன்னிடம் இதைச் சொன்னதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். நீ போன பிறகு அவர்கள் வந்தது இதுதான் முதல் தடவை. பக்கத்துத் தெரு வரைக்கும் வந்துவிட்டு போன் செய்தார்கள். நம் வேலைதான் உனக்குத் தெரியுமே. சின்ன அறைக்கு ஓடி, நீ படுத்து எழுந்த மாதிரி போர்வையைக் கலைத்தேன். தலையணையை அமுக்கிப் பள்ளம் செய்தேன். ஜன்னலில் சீப்பு, பக்கத்தில் பாதித் தண்ணீரோடு ஒரு டம்ளர். ஒன்பது வருடமாகச் செய்கிற வேலை, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மூச்சு வாங்கக் கதவைத் திறந்தேன். நீ இந்த ஊரிலேயே இல்லை, இருபத்திரண்டு மாதமாக இல்லை என்பது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

சின்ன அறையில் பையை வைக்கப்போன அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். அந்தப் பொண்ணுதான் வெளிநாட்டுல இருக்கே, இது யார் படுத்த படுக்கை என்று கேட்டார். சத்தம் போடப்போகிறார் என்று பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இதுக்குத்தானா இத்தனை வருஷம் கல்யாணம் வேண்டாம்னே, யாரா இருந்தாலும் பரவாயில்ல, அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை வர்றேன், அவரை இருக்கச் சொல்லு என்றார். கண் கலங்கியிருந்தது. அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. தலையாட்டிவிட்டேன், குண்டூசி. இல்லாத ஒருத்தனுக்காகத் தலையாட்டினேன். இருக்கிற உனக்காக ஒரு தடவைகூட ஆட்டியதில்லை.

அண்ணி ஹோட்டலில் அறைகளை மேற்பார்வை பார்ப்பவர் என்பதை நாம் இரண்டு பேருமே யோசித்ததில்லை. அண்ணன் கீழே இறங்கிய பிறகு செருப்பு மாட்டுகிற சாக்கில் நின்றார். தினம் நாப்பது படுக்கை பார்க்கிறவ நான், அந்தக் கட்டில்ல எப்பவுமே யாரும் படுத்ததில்ல என்றார். உங்க அண்ணன்கிட்ட நான் சொல்ல மாட்டேன், நீதான் சொல்லணும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இத்தனை வருடம் யாருக்காகப் போர்வையைக் கலைத்தோம் என்று நினைத்துப் பார்த்தேன். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. டம்ளரைக் கழுவி வைத்தேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். உன் முதல் கல்யாணத்தைப் பற்றி நீ மறைத்ததே இல்லை. அவரையும் மனசாரப் பிடித்துத்தான் கட்டிக்கொண்டேன் என்று சொன்னாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு சண்டையிலும், உனக்கென்ன, நினைத்தால் ஒருத்தனோடு போய்விடலாம் என்று குத்திக் காட்டினேன். நீ எங்கேயும் போகவில்லை. இல்லாத ஒரு ஆணின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டவள் நான்தான். இதற்கு வெட்கப்பட வேண்டும் என்று புரிகிறது. வெட்கம் வரும்போது இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்கிறேன்.

நேற்று சின்ன அறைக் கட்டிலைக் கழற்றிவிட்டேன். தெருமுனைத் தச்சர் வந்து எடுத்துக்கொண்டு போனார். தரையில் நான்கு கால் தடம் மட்டும் இருக்கிறது, துடைத்தும் போகவில்லை. உன் ரூம்மேட் எங்கே படுப்பாள் என்று இனி யார் கேட்டாலும் காட்டுவதற்கு ஒரே கட்டில்தான் உண்டு.

அண்ணன் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை வருவார். நீ வந்தாலும் வராவிட்டாலும் சொல்லிவிடுவதாக இருக்கிறேன். என் வாயை நம்பி இதை எழுதவில்லை, அதனால்தான் கட்டிலை அனுப்பினேன். அவர் பார்க்க வேண்டிய ஆள் நீதான். கையெழுத்துப் போடாதே என்று கேட்க எனக்கு வாயில்லை. அங்கே வருகிற தூக்கம் இங்கே உனக்கு வருமா என்று தெரியாது.

நீ எங்கே இருந்தாலும் உடம்புக்கு ஒன்றும் வராமல் நன்றாக இரு. நம் கட்டிலில் சுவர்ப் பக்கம் உன் இடம். இருபத்திரண்டு மாதமாக அந்தப் பக்கத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அதை மட்டும் நான் கலைக்க மாட்டேன். நீ வந்து கலைத்துவிடு.

உன்,
பல்லுக்காரி