ஓன்யாங் அத்தையின் பெயர்ப்பலகை

அன்பு மகள் மரிவிக்குக்கு,

கடவுள் கருணையில் நானும் அப்பாவும் சுகம், அவருடைய முட்டிவலி மட்டும் மழைக்கு ஒரு நாள் முந்தியே வந்துவிடுகிறது. குவைத் வெயிலில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் நீ அழுததால் பாதிதான் சொல்ல முடிந்தது, மீதியைப் பொறுமையாகப் படி.

ஓன்யாங் அத்தையின் கதைகளைக் கேட்டு வளராத பிள்ளை இந்த ஊரில் உண்டா? நம் ஊர்ப் பேச்சிலேயே முப்பது புத்தகம் எழுதியவளுக்கு நான் வேலை பார்க்கும் நூலக வாசலில் ஒரு பித்தளைப் பலகை வேண்டும் என்று நகராட்சிக்கு ஆறு வருடம் நடையாய் நடந்தவள் நான். பலகை வந்தபோது பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கினேன், அதுதான் என் புத்திகெட்ட வேலை. திறப்பு விழாவில் மேயர் துணியை இழுத்தார், எல்லோரும் கைதட்டினார்கள். அத்தைக்குத்தான் கண் தெரியாதே, தன் பெயரைத் தடவிப் பார்க்க ஆசைப்பட்டாள். விரலைப் பிடித்து வைத்தேன். முதலில் கொட்டை எழுத்தில் மேயர், அடுத்து துணை மேயர், பிறகு எட்டு கவுன்சிலர்கள். ஒவ்வொன்றுக்கும் இது நானா, இது நானா என்று கேட்டாள். அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி, அதுதான் அவள். பக்கத்தில் மைக் இருந்தது, அவள் சொன்னது ஊருக்கே கேட்டது: "ஏண்டி, என் கதைய எல்லாம் இத்தனை பேரா சேந்து எழுதினோம்?"

சனம் சிரித்தது. மறுநாள் காலை திருப்புளியால் பலகையைக் கழற்றி மேயரின் மேசையிலேயே வைத்தேன். "அவங்க பேர மட்டும் போட்டுக் குடுங்க, நானே மாட்டிக்கறேன்" என்றேன். திங்கட்கிழமைக்குள் மன்னிப்புக் கடிதம் தராவிட்டால் நூலகத்தில் என் ஆறு மாத வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்களாம். இருபத்திரண்டு வருடமாக இதே பூச்சாண்டிதான். ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலை என்று நீயும் சொல்கிறாய், தென்னங்கள்ளும் கையுமாக உன் அப்பாவும் சொல்கிறார். போடமாட்டேன். வேலை போனால் சந்தையில் கருவாடு விற்கிறேன், எனக்கென்ன வெட்கம்? சுவரில் நாலு திருகு ஓட்டைக்கு நடுவே பிள்ளைகள் சாக்பீஸால் அத்தை பெயரை எழுதியிருக்கிறார்கள், அதில் ஒரு எழுத்துப் பிழை. நகராட்சி ஆள் அழிக்க வந்தான். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன், திரும்பிப் போய்விட்டான்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே, மாதா உனக்குத் துணையிருக்கட்டும். மன்னிப்புக் கடிதத்துக்காக இனி அழாதே இண்டாய், என் கண்ணே, நேற்றே ஒன்று எழுதிவிட்டேன். பார்க்காமல் வாங்கியதற்கு, ஓன்யாங் அத்தைக்கு. அவள் வீட்டுக்குப் போய் நானே படித்தும் காட்டினேன்.

உன் அம்மா,
எமெரென்சியானா